துன்ப நினைவும் காட்டு மருந்தும்

சென்ற வைகாசிப் பௌர்ணமியன்று எங்கள் பெங்களூர்ச் சங்கத்தில் வந்தனையும் பஞ்சசீல ஏற்பும் நிறைவுற்று, அன்பர்கள் பாற்சோறு உண்டுகொண்டிருந்த வேளையில், முதிய உபாசிகை ஒருவரும் அவருடைய பேரனும் என்னருகே வந்து அமர்ந்தனர். அம்மையாருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. அவர் சிறுமியாயிருந்த காலத்தில், பிறந்த ஊரின் சேரிக்கு ஓர் இரவில் தீ வைத்தனர். தொட்டிலில் உறங்கிய தம்பியை எடுக்க எவராலும் இயலவில்லை. அவ்வூரின் பெயரையும் ஆண்டையும் அவர் எவரிடமும் சொல்வதில்லை, நானும் கேட்டதில்லை. கணவரும் பிள்ளைகளும் வீட்டுவேலையுமாகக் காலம் சென்றவரையில் அந்நினைவு ஒருவாறு அடங்கியிருந்ததாம். தனிமை வந்தபின், இரவுதோறும் அக்குழந்தையின் அழுகுரல் அவர் செவியில் கேட்கத் தொடங்கிவிட்டது.

பேரன் கம்ப்யூட்டர் கம்பெனியொன்றில் பணிபுரிபவர். அமேசான் காட்டிலுள்ள ஒரு கொடியைக் காய்ச்சிக் குடித்தால் பழைய மனப்புண்கள் ஓரிரவில் ஆறிவிடுகின்றன என்று எங்கோ வாசித்திருக்கிறார். அதனைப் பொடியாக வரவழைக்கலாம் என்றும் எவரோ அவரிடம் கூறியிருக்கின்றனர். “இது மருந்தா, மதுவா? பாட்டி எடுத்துக்கொண்டால் ஐந்தாம் சீலத்துக்கு மாறாகுமா?” என்று அவர் வினவினார். அம்மையார் அவரைக் கையமர்த்திவிட்டுச் சொன்னார்: “ஐயா, சீலத்தைப் பற்றி எனக்குத் தெரியும். அவன் அழுத சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டு, அவன் முகத்தை விட்டுவைக்கிற மருந்து இருக்கிறதா? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.”

அன்று எனக்கு விடை தெரியவில்லை. அடுத்த பௌர்ணமிக்குள் அறிந்து கூறுவதாகச் சொல்லி அனுப்பினேன். பின்னர் நான் படித்தறிந்தவற்றையும், அவற்றின்மேல் எண்ணியவற்றையும் அன்பர்கள் முன் வைக்கின்றேன். இத்தகைய நினைவுகளைச் சுமப்பவர் நம்மிடையே அவர் ஒருவர் மட்டுமல்லர்.

முதலில் அக்காட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். பூமத்திய ரேகையை ஒட்டிய மழைக்காடுகளில் நாம் அறிந்த கோடையும் குளிர்காலமும் இல்லை. அமேசான் நதியின் பெருஞ்சமவெளியில் ஆண்டு முழுவதும் சராசரி வெப்பம் 26, 27 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நிற்கிறது. மழை பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல். அம்மழை முழுவதும் கடலிலிருந்து நேரே வருவதன்று. மரங்கள் வேரால் உறிஞ்சி இலைவழியே வெளிவிடும் நீராவி மேகமாகி, மறுபடியும் அக்காட்டின்மீதே பொழிகிறது. பிரேசில் நாட்டு அறிஞர் எனியஸ் சலாத்தி என்பார் 1970-களில் மழைநீரை ஆராய்ந்து இதனை நிறுவினார். காட்டை வெட்டினால் மழையும் குறையும் என்று இன்று அஞ்சுவதற்கு இதுவே காரணம்.

இத்துணைப் பசுமைக்கு அடியிலுள்ள மண்ணோ பெரும்பாலும் வளமற்றது. உதிர்ந்த இலை வெப்பத்திலும் ஈரத்திலும் விரைந்து மட்கிப்போக, அதன் சத்தினை வேர்களும் பூஞ்சணங்களும் உடனே வாங்கிக்கொள்கின்றன. மண்ணில் சேமிப்பு என்று பெரிதும் தங்குவதில்லை. செல்வமெல்லாம் உயிருள்ள மரங்களிலேயே இருக்கிறது. மேலே தழைகள் நெருங்கி மூடியிருத்தலால் சூரிய ஒளியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கே தரையை எட்டுகிறது. ஆகவே ஓர் இலையை உண்டாக்குவதென்பது அங்கே ஒரு செடிக்கு எளிய செலவன்று.

அவ்வாறு அரிதில் ஈன்ற இலையைத் தின்னப் பூச்சிகள் ஆண்டு முழுவதும் காத்திருக்கின்றன. குளிர்நாடுகளில் பனிக்காலம் ஆண்டுக்கொருமுறை பூச்சியினத்தை அடக்கிவைக்கும். இங்கே அந்த ஓய்வும் இல்லை. செடியால் ஓடமுடியாது. எனவே தன் இலையிலும் பட்டையிலும் வேரிலும் கசப்பையும் நஞ்சையும் சேர்த்துவைத்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. இரசாயன நூலார் ஆல்கலாய்டு என்று கூறும் பொருள்களுள் பல இவ்வகையின. காப்பியிலுள்ள காஃபினும், சிங்கோனாப் பட்டையிலுள்ள கொய்னாவும் அவற்றுள் சேரும். பூச்சியின் நரம்பைக் கலக்கும் பொருள் மனிதரின் நரம்பையும் தொடுவதற்குக் காரணம், உயிர்களின் நரம்புத் தொழில் அடிப்படையில் பெரிதும் ஒத்திருப்பதேயாம். ‘மனிதனுக்கென்றே காடு மருந்து சமைத்து வைத்திருக்கிறது’ என்று எழுதுவோரைக் காணுந்தோறும் எனக்கு நகைப்பு வருகிறது. காடு நம்மை எண்ணிப் பார்த்ததே இல்லை.

இனி, பேரன் வினவிய கொடி. அயாவாஸ்கா என்பது அதன் பெயர். கெச்சுவா மொழியில் இறந்தோரின் கொடி அல்லது ஆவியின் கொடி என்று பொருள்படும். ரிச்சர்ட் ஸ்புரூஸ் என்னும் ஆங்கிலேயத் தாவரவியலார் 1852-இல் வாவ்ப்பேஸ் ஆற்றங்கரையில் பழங்குடியினர் இதனைப் பருகுவதைக் கண்டு எழுதிவைத்தார். இக்கொடியைத் தனியே காய்ச்சுவதினும், காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு புதர்ச்செடியின் இலையோடு சேர்த்துக் காய்ச்சுவதே பெருவழக்கு. அவ்விலையிலுள்ள டி.எம்.டி. என்னும் பொருளே காட்சிகளை எழுப்புவது. ஆனால் அதனை மட்டும் விழுங்கினால் குடலிலும் ஈரலிலுமுள்ள ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். கொடியிலுள்ள ஹார்மின் அந்நொதியைத் தடுத்து நிறுத்துகிறது. பல்லாயிரம் செடிகளுக்கிடையே இவ்விரண்டையும் இணைத்தறிந்த மக்களை எழுத்தறியாதவர் என்று இகழ்ந்த காலமும் இருந்தது! பெரு நாடு 2008-இல் இவ்வறிவைத் தன் தேசப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது.

அருந்தியவர்க்கு ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். பின்னர் காட்சிகள் தோன்றும். மறந்த நிகழ்ச்சிகளும் இறந்தவர் முகங்களும் எதிரே வருவதாகப் பலர் கூறுவர். இதனை அன்பர்கள் கவனிக்கவேண்டும். இது நினைவை மறைக்கும் பானமன்று, நினைவைக் கிளறுவது. பிரேசிலில் வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுடைய 29 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2018-இல் வெளிவந்தது. ஒரே முறை அருந்தியவரிடம் ஒரு வாரத்தில் நல்ல மாறுதல் தெரிந்ததாக அது கூறுகிறது. 29 என்பது சிறு தொகை, அந்நோயும் வேறு. இதயநோய் உள்ளவர்க்கும், மனச்சோர்வுக்கு வேறு மாத்திரை உண்பவர்க்கும், சித்தப்பிரமைக்கு இடமுள்ளவர்க்கும் இப்பானம் பெருங்கேடு தரக்கூடும். நம் நாட்டில் டி.எம்.டி. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி தடுக்கப்பட்ட பொருள். எண்பது வயது மூதாட்டிக்குத் தபாலில் வந்த பொடியைக் காய்ச்சிக் கொடுப்பது எவ்வாற்றானும் தகாது என்று பேரனுக்கு அன்றே எழுதிவிட்டேன்.

சீலத்தைப் பற்றி ஒரு சொல். ஐந்தாம் சீலம் விலக்குவது அசட்டைக்கு ஏதுவாகும் மயக்கப் பொருள்களை. நோயுற்ற பிக்குவுக்கு, மதுவின் நிறமும் மணமும் சுவையும் தோன்றாத அளவில் அது கலந்து காய்ச்சிய எண்ணெயை மருந்தாக வினயம் அனுமதிக்கிறது. ஆகவே பொருளின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் காதைப் பொத்திக்கொள்வது நம் நெறியன்று. நோய் உண்டா, வைத்தியர் உண்டா, உண்டபின் அறிவு தெளிகிறதா மழுங்குகிறதா என்றே கேட்கவேண்டும்.

அமேசானுக்குப் போவானேன்? மனத்தைத் தொடும் காட்டு மருந்து நம் நாட்டிலேயே உண்டு. இமயத்தின் அடிவாரத்திலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளிலும் மரநிழலில் வளரும் சிறு செடி சர்ப்பகந்தி. அதன் வேர் கடுங்கசப்பு. பீகாரில் இதற்குப் பைத்தியத்தின் மருந்து என்றே பெயர். 1931-இல் கல்கத்தாவில் டாக்டர் கணநாத் சென்னும் டாக்டர் கார்த்திக் சந்திர போஸும் சித்தப்பிரமைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் இது பயன்படுவதை எழுதினர். டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் இரத்தக் கொதிப்பில் இதன் பயனை ஆங்கில மருத்துவ ஏட்டில் வெளியிட்டபின் மேல்நாடுகள் விழித்துக்கொண்டன. 1952-இல் சுவிட்சர்லாந்தில் இதன் வேரிலிருந்து ரெசர்ப்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். சில ஆண்டுகள் உலகின் மனநோய் மருத்துவமனைகளிலெல்லாம் அது வழங்கியது. அமைதி கொடுத்தது மெய்யே. ஆனால் அது நரம்புகளில் சேமித்துவைத்த நாரட்ரினலின் முதலிய பொருள்களை வடித்துவிடுவதால் வரும் அமைதி. சிலருக்கு ஆழ்ந்த சோர்வு கண்டதாக டாக்டர்கள் எழுதினர். அது மருந்தால் வந்ததுதானா என்பது பின்னர் விவாதமாயிற்று. வேருக்காகச் செடியையே பிடுங்கவேண்டியிருந்தமையால் காட்டில் செடியும் அருகிவிட்டது. அம்மையாரின் வினாவுக்கு இவ்வேரும் விடையன்று. அச்சத்தை மட்டுமன்றி ஆசையையும் ஊக்கத்தையும் சேர்த்துத் தணிப்பது அது.

எனினும் நாரட்ரினலின் என்ற அச்சொல்லைப் பிடித்துக்கொண்டே அடுத்த படிக்குச் செல்லலாம். அச்சமோ அதிர்ச்சியோ நேருங்கால் நம் உடலில் அதுவும் அட்ரினலினும் பெருகுகின்றன. அவை பெருகிய நேரத்தில் நடந்தவை மூளையில் ஆழப் பதிகின்றன. புலியைக் கண்ட இடத்தை மறப்பவன் பிழைக்கமாட்டான் ஆதலின், இது உயிரைக் காக்க அமைந்த வழியே. அதுவே சிலரிடத்தில் அளவு கடந்து, எழுபது ஆண்டுக்குப் பின்னும் உறக்கத்தைக் குலைக்கிறது. இப்பொருள்கள் இதயத்தின்மேல் செய்யும் வேலையைத் தடுக்க 1960-களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் பிளாக் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் புரோப்ரனோலால் என்ற மருந்தை உண்டாக்கினார். 1988-இல் நோபல் பரிசும் பெற்றார். இது காட்டுச் செடியன்று, ஆய்வுச்சாலையில் பிறந்தது. விலையும் மிகக் குறைவு.

1994-இல் அமெரிக்காவில் சிலருக்கு இம்மருந்தைக் கொடுத்து, விபத்தில் சிக்கிய ஒரு சிறுவனின் கதையைப் படங்களோடு சொல்லினர். மருந்து உண்ணாதவர் கதையின் துயரப் பகுதியையே மிகுதியாக நினைவுவைத்தனர். உண்டவர்க்கு அம்மிகுதி இல்லை. 2000-இல் எலிகளிடம் வேறோர் உண்மை தெரிந்தது: பதிந்த நினைவும் மீண்டும் எழுப்பப்படுங்கால் சிறிது நேரம் இளகி, மறுபடி இறுகுகிறது. இளகிய அவ்வேளையில் தடுத்தால் அது மாறுகிறது. 2009-இல் நெதர்லாந்தில் செய்த சோதனை எனக்கு மிகவும் வியப்பளித்தது. சிலந்திப் படமொன்றைக் காட்டும்போதெல்லாம் சிறு மின்னதிர்ச்சி கொடுத்து அச்சம் பழக்கினர். மறுநாள் புரோப்ரனோலால் கொடுத்து அந்நினைவை எழுப்பினர். மூன்றாம் நாள், எந்தப் படத்துக்கு அதிர்ச்சி வரும் என்று அவர்கள் சரியாகவே கூறினர். ஆனால் உடல் திடுக்கிடவில்லை. நடந்தது மறக்கவில்லை, நடுக்கம் போயிற்று.

அம்மையார் கேட்டது இதுவன்றோ என்று எனக்குத் தோன்றியது. கனடாவில் 60 நோயாளிகளிடம் வாரம் ஒருமுறையாக ஆறு வாரம் இம்முறையைக் கையாண்டனர். மருந்து உண்டபின் தமக்கு நேர்ந்ததைத் தாமே எழுதி வாசிக்கவேண்டும். 2018-இல் வெளிவந்த முடிவு நம்பிக்கை தருவது. ஆயினும் வேறிடங்களில் செய்த சோதனைகளில் சில அதே பலனைக் காட்டவில்லை. இன்னும் முடிந்த முடிபாகாத செய்தி இது. இதை வாசித்து எவரும் தாமே வாங்கி உண்ணலாகாது.

இனித்தான் அறத்தின் கேள்வி. அமெரிக்க ஜனாதிபதி அமைத்த உயிரறக் குழு 2003-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. துன்ப நினைவின் கூர்மையைக் குறைத்தால் மனிதன் தன் வாழ்வுக்கு அந்நியனாகிவிடுவான். கொடுமையைக் கண்டு கொதிக்கவேண்டிய நெஞ்சு கொதிக்காது போகும் என்று அது அஞ்சுகிறது. இவ்வச்சத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் துன்பம் மனிதனை உயர்த்தும் என்று எழுதுவோர் பெரும்பாலும் இரவில் நன்றாக உறங்குவோராகவே இருக்கின்றனர் என்பதையும் நான் கண்டிருக்கிறேன்.

நம் நூல்கள் என்ன சொல்கின்றன? விழிப்புணர்வு என்று நாம் வழங்கும் ‘சதி’ என்னும் பாலிச் சொல்லுக்கு முதற்பொருள் நினைவு என்பதே. வடமொழியில் அது ஸ்மிருதி. கணவனைப் பாம்பு தீண்டி, கைக்குழந்தையைப் பருந்து தூக்கி, மூத்தவனை ஆறு அடித்துச் சென்று, பெற்றோரும் உடன்பிறந்தானும் இடிந்த வீட்டுக்குள் மாண்டபின், ஆடையும் அறியாது பித்தியாய்த் திரிந்த பாடாசாரையிடம் பகவன் கூறியது, சதியைத் திரும்பப் பெறுக என்பதே. அவள் மறந்து அமைதியுறவில்லை, தெளிந்து அமைதியுற்றாள். நம் மணிமேகலையும் அவ்வாறே. மணிபல்லவத்துப் பீடிகையைக் கண்டு அவள் பெற்றது பழம்பிறப்பின் அறிவு. அதில் கணவன் இராகுலன் நாகத்தின் நஞ்சால் மாண்ட துயரமும் அடங்கும். அதனைச் சாத்தனார் சாபமாகக் காட்டவில்லை.

இதைக்கொண்டு ‘ஆகவே மருந்து வேண்டாம், தியானம் போதும்’ என்று முடிவுகட்டும் அன்பர்கள் இருக்கின்றனர். அவர்களோடு நான் ஒத்துப்போக இயலவில்லை. பாடாசாரை முதலில் பித்தம் தணிந்தபின்பே தம்மத்தைக் கேட்டாள். நடுங்கும் உடலோடு அமர்ந்து மூச்சை நோக்குக என்பது, காலொடிந்தவனை நடந்து வைத்தியசாலைக்கு வா என்பது போலாம். அம்பு தைத்த நோவு ஒன்று, அதன்மேல் மனம் எய்துகொள்ளும் இரண்டாம் அம்பு ஒன்று என்று பகவன் பிரித்துக் காட்டினார். இரண்டாம் அம்பைப் பிடுங்க உதவும் மருந்து, முதல் அம்பு தைத்ததே இல்லையென்று பொய் சொல்லாதவரையில், அதில் குற்றம் காண எனக்கு வழியில்லை.

ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லவேண்டும். துன்பம் செய்யப்பட்டவரின் நினைவு வேறு. துன்பம் செய்தவனின் நினைவு வேறு. அந்த இரவில் தீக்கொள்ளி பிடித்தவனும் முதுமையில் உறக்கமின்றித் தவித்திருக்கலாம். அவனும் இதே மாத்திரையைக் கேட்டால் என்ன செய்வது? அவன் நெஞ்சின் வேதனை பழிக்கு நாணுதலின் தொடக்கம். அதனை முளையிலேயே மழுக்குவது அவனுக்கும் நன்மையன்று. போருக்குப் போகும் வீரனுக்கு முன்னரே இதைக் கொடுத்தனுப்பினால், மனம் கூசாமல் கொல்லும் ஒருவனை நாமே உண்டாக்கியதாகும். அங்குலிமாலன் தெருவில் கல்லடி பட்டபோது பகவன் அதனைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னார் என்பதை நினைக்க. எனினும் செய்ததை ஒப்பி, தீங்குற்றவர்முன் தலைகுனிந்து, ஈடு செய்தவனுக்கும் உறக்கம் மறுக்கப்படவேண்டுமா என்றால், அதற்கும் ஆம் என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை. இவ்விடத்தில் என் எண்ணம் இன்னும் தெளியவில்லை.

மற்றொன்று, சாட்சி. நம் மக்களுக்கு இழைக்கப்பட்டவற்றுள் பல எந்தக் காகிதத்திலும் இல்லை. முதியோரின் நெஞ்சிலேயே இருக்கின்றன. அவர்கள் மறந்தால் நடந்ததே இல்லையென்றாகிவிடும் என்று கூட்டங்களில் நான் பேசியதுண்டு. அம்மையார் கேட்டபின் அவ்வாறு பேச எனக்குக் கூச்சமாயிருக்கிறது. வரலாற்றுக்கு ஆதாரம் வேண்டுமென்பதற்காக ஒரு மூதாட்டி இரவுதோறும் எரியவேண்டுமா? சாட்சியைக் காப்பது எழுதப் படிக்கத் தெரிந்த நம் கடமை. அதனை அவர் உறக்கத்தின்மேல் சுமத்தியிருந்தோம்.

ஆனிப் பௌர்ணமியன்று இவற்றையெல்லாம் எளிய சொற்களில் அம்மையாருக்கு எடுத்துரைத்தேன். சிலந்திச் சோதனையை இருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, “டாக்டரைப் பார்க்கிறேன் ஐயா. அதற்கு முன்னே நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அவன் பேரையும் எழுதிக்கொள்ளுங்கள்” என்றார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதி முடித்தேன். பேரன் அருகிலிருந்தார், அவரும் முழுவதையும் அன்றுதான் கேட்டார். ஊரும் ஆண்டும் அதில் இருக்கின்றன. அது அம்மையாரின் உடைமையாதலால் இங்கே வெளியிடவில்லை.

டாக்டர் அம்மையாரைச் சோதித்துவிட்டு, நெடுநாளாக இழுப்பு நோய் உள்ளவராதலால் புரோப்ரனோலால் கொடுக்கலாகாது என்று கூறிவிட்டார். அதற்கு மாற்றாக, மனநலப் பிரிவில் பயிற்சி பெற்ற அம்மையார் ஒருவரிடம் வாரந்தோறும் சென்று, நடந்ததைச் சிறிது சிறிதாகச் சொல்லிவர ஏற்பாடு செய்திருக்கிறார். குறிப்பேட்டையும் உடன் எடுத்துச் செல்கிறார். பேரன் வாசிக்க, இவர் இடையிடையே நிறுத்தித் திருத்துகிறாராம். குரல் இன்னும் கேட்கிறதா என்று சென்ற வாரம் வினவினேன். சில இரவுகளில் கேட்கிறது என்றார்.